இருபத்திரண்டு சித்திரைக் கஞ்சிகள்

1

போன கிழமை சித்திரா பௌர்ணமி. டொரண்டோவில் எங்கள் பக்கத்துக் கோயில் ஒரு காலத்தில் கம்பளக் கிடங்காக இருந்த கட்டடம். லொறிகள் பின்பக்கமாக வந்து சாமான் இறக்கிய மேடையில்தான் இப்போது கஞ்சிக் கிடாரம் வைப்பார்கள். தாயை இழந்தவர்கள் அன்று காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் வந்து, தாயின் பெயருக்கு அர்ச்சனை செய்து, ஐயர் சித்திரகுப்தர் கதை படிப்பதைக் கேட்டு, பிறகு அந்தக் கஞ்சியைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

தெஹியோவிட்டப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு இந்த விரதம் தெரிந்திருக்காது. நம் பக்கத்தில் செத்தவர்களுக்கு வருசத்தில் ஒரு படையல், அவ்வளவுதான். இது யாழ்ப்பாணத்துப் பழக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பெண் எடுத்தவன், அதனால் பிடிக்கிறேன். கலியாணம் முடித்த வருசம் தொடங்கிப் போன வருசம் வரை இருபத்திரண்டு தடவை பிடித்திருக்கிறேன். ஒரு தடவையும் தவறவில்லை. வரிசையில் நிற்கும் கிழவர்கள் என்னைக் காட்டித் தங்கள் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வார்கள்.

அந்த இருபத்திரண்டு வருசமும் என் அம்மா தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளில் ஐந்தாம் காம்பராவில், உயிரோடு இருந்தார்.

2

பெயர்களை மாற்றி எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இதை யாரும் வாசிக்கப் போவதில்லை. மாமிக்கு, மனைவியின் தாய்க்கு, கண் தெரியாது. மகள் மீராவுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. மனைவி வசந்திக்கு எல்லாம் தெரியும், அவளுக்கு வாசிக்க நேரமில்லை.

எங்கள் லயம் கலவரங்களில் இரண்டு தடவை எரிந்தது. இரண்டாவது தடவை அம்மா என்னையும் தங்கச்சி கமலாவையும் இழுத்துக்கொண்டு இறப்பர் மரங்களுக்கு நடுவில் மூன்று நாள் ஒளிந்திருந்தார். அதற்குப் பிறகுதான் நான் வவுனியாவுக்குப் போய் ஒரு கடையில் வேலைக்கு நின்றேன். அங்கிருந்து கனடாவுக்கு வரப் பார்த்தபோது, ஏஜென்சிக்காரர் என் கதையைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"தம்பி, தோட்டத்துக் கதை அங்க எடுபடாது. அவங்களுக்குத் தெரிஞ்சது வடக்குத்தான். வவுனியாவில பிறந்தனான் எண்டு சொல்லு. தாய் தகப்பன் ஷெல் விழுந்து செத்திட்டினம் எண்டு சொல்லு."

"அப்பா ஏற்கெனவே செத்துட்டாருங்க."

"அப்ப நல்லதாப் போச்சு. தாயையும் சேர்."

சேர்த்தேன். நடந்த கதைக்கு விலை இல்லை, நடக்காத கதைக்கு ஒரு நாடு கிடைத்தது. அகதி விசாரணையில் அம்மா எப்படிச் செத்தார் என்று கேட்டபோது எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மணி கடதாசிக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் தள்ளிவைத்தார். அந்த அழுகைதான் என் கேஸை வெல்ல வைத்தது என்று பிறகு சட்டத்தரணி சொன்னார்.

கலியாணம் பேசும்போது வசந்தியிடம் உண்மையைச் சொன்னேன்.

"அம்மாட்டச் சொல்லாதேங்கோ. தோட்டக்காட்டு ஆளெண்டு தெரிஞ்சா அவ ஒத்துக்கொள்ள மாட்டா. பேப்பரில என்ன கிடக்கோ அது அப்பிடியே கிடக்கட்டும்."

அப்படித்தான் அரசாங்கத்துக்குச் சொன்ன பொய் வீட்டுக்குள்ளும் வந்து பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. பிள்ளை பிறந்ததும், பள்ளிக்கூடத்தில் வாய் தவறி ஏதாவது சொல்லிவிடுமோ என்று அதற்கும் அப்பம்மா செத்துவிட்டார் என்றே சொன்னோம். தோட்டத்துக்குப் போன் பேசுவதென்றால் நான் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொள்வேன். இத்தனை வருசத்தில் ஒரே தடவை, கதிர்காமத்துக்கு நேர்த்தி என்று சொல்லிவிட்டுப் போய், பத்து நாள் அம்மாவோடு இருந்துவிட்டு வந்தேன். வரும்போது மாமிக்குக் கதிர்காமத்துத் திருநீறு கொண்டுவர வேண்டியிருந்தது. அவிசாவளையில் ஒரு கடையில் வாங்கினேன்.

3

எனக்கு இப்போது அறுபது வயது. பேக்கரிப் பாண் பொதி செய்யும் தொழிற்சாலையில் காலை ஆறு மணி வேலை. இரண்டு மணிக்கு முடிந்து வீட்டுக்கு வந்தால், இரண்டே முக்காலுக்கு வசந்தி வேலைக்குப் புறப்படுவாள். வாசலில் வைத்து ஒருவரிடமிருந்து ஒருவர் மாமியைப் பொறுப்பேற்றுக்கொள்கிறோம். "மருந்து குடுத்தாச்சு, மத்தியானம் ரெண்டு கரண்டிக்கு மேல இறங்கேல்லை" என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைப் போடுவாள். எங்கள் தாம்பத்தியத்தில் இப்போது மிஞ்சியிருக்கும் பேச்சு அதுதான்.

மாமிக்கு எண்பத்தாறு. அவருக்கு ஊட்டுவது, மாத்திரை கொடுப்பது, கையைப் பிடித்து நடத்துவது, நகம் வெட்டுவது எல்லாம் என் வேலை. ஒருநாள் அவசரத்துக்கு அவருடைய துணியையும் நான் மாற்ற வேண்டி வந்தது. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார், நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு இருவருக்கும் பழகிவிட்டது. மாமி நல்லவர். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

ஒரு தடவை அவர் குளியலறை வாசலில் வழுக்கியபோது, "ஐயய்யோ, விழுந்துட்டீங்களா, அடிகிடி பட்டுச்சுங்களா" என்று என் வாயிலிருந்து தோட்டத்துத் தமிழ் அப்படியே வந்துவிட்டது. மாமி தரையில் இருந்தபடியே சிரித்தார். "தம்பி, நீர் இந்தியப் படம் கனக்கப் பாக்கிறீர்" என்றார். நானும் சிரித்தேன்.

4

இனி கமலாவைப் பற்றி. என்னைவிட ஒரு வயது இளையவள். புருசன் போய்ச் சேர்ந்து பல காலம். மகள் செல்வி கட்டாரில் வீட்டு வேலை. அறுபது வயது முடியும்வரை வேலை செய்துவிட்டு நின்றால்தான் சேவைக்காலத்துக்கு உரியது முழுதாகக் கைக்கு வரும். அதைவிடப் பெரிய காரணம் காம்பரா. முழுக்காலமும் உழைத்து ஓய்ந்தவர்களைத் தோட்டத்தில் யாரும் எழுப்புவதில்லை. நடுவில் வேலையை விட்டுப் பேரை வெட்டிக்கொண்டவர்களின் காம்பராவுக்குத்தான் தோட்டத்துரைக்குச் சீக்கிரமே வேறு ஆள் ஞாபகம் வரும்.

அவள் பால் வெட்டுகிறவள். விடியும்போதே போய் வரிசையாக இறப்பர் மரப்பட்டையைச் சீவி, பால் சொட்டச் சிரட்டை வைத்துக்கொண்டே போவாள். எட்டரை மணிக்குக் கடைசி மரமும் முடியும். பிறகு பால் சொட்டி முடிய வேண்டும். பத்து மணிக்குத்தான் திரும்பப் போய் வாளியில் சேர்க்க முடியும். மற்றவர்கள் அந்த ஒன்றரை மணி நேரத்தில் மரத்தடியில் ரொட்டி தின்று, வெற்றிலை போட்டு, கதை பேசுவார்கள். கமலா கீழ்மலையில் இருந்து லயத்துக்கு ஓடி வருவாள். அம்மாவுக்கு ஈரத்துணி மாற்றி, முகம் கழுவி, ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்து ஊட்டி, வாசலில் வெயில் படும் இடத்தில் உட்காரவைத்துவிட்டுத் திரும்ப மலைக்கு ஓடுவாள். நடக்க முடியாமல் போன ஐந்து வருசமும் அம்மா உயிரோடு இருந்தது மரம் பால் சொட்டும் அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான்.

அம்மாவும் அந்த நேரத்துக்குப் பழகிவிட்டார். மணி பார்க்கத் தெரியாது, ஆனால் ஒன்பது மணியானால் கமலா வருவாள் என்று வாசலைப் பார்க்கத் தொடங்கிவிடுவாராம்.

5

கடந்த கார்த்திகையில் கமலா போனில் சொன்னாள்.

"அண்ணே, கீழ்மலை மரத்தயெல்லாம் தறிச்சுட்டாங்க. புதுக் கன்னு நடப் போறாங்களாம். எனக்கு மேல்மலையில மரம் குடுத்துருக்காங்க."

"மேல்மலைன்னா முனியாண்டி கோயிலுக்கு அங்கிட்டா?"

"அதுக்கும் மேல. ஏறவே முக்கா மணி நேரம் ஆகுது. நடுவுல எறங்கி வந்துட்டுப் போனா பால் உறைஞ்சு போயிரும்."

"மாத்திக் கேட்டியா?"

"கேக்காமயா? ஃபீல்ட் ஆபீசர் மாத்தயாகிட்ட சிங்களத்துலயே கெஞ்சிப் பாத்தேன். 'கரன்ன தெயக் நே அக்கே'ன்னுட்டாரு. ஒன்னும் செய்ய ஏலாதாம். எல்லார் வீட்டுலயும் ஒரு வயசானது கெடக்குது, மரத்தத் தூக்கி லயத்துக்கா கொண்டாந்து வைக்க முடியும்னு கேக்குறாரு. அவரு சொல்றதும் சரிதான்."

பிறகு கேட்டாள். இருபத்தைந்து வருசத்தில் என்னிடம் அவள் கேட்ட ஒரே உதவி.

"செல்விக்கு தை கடைசியில கொண்ட்ராக் முடியுது. வந்துட்டான்னா அவ பாத்துக்குவா. அதுவரைக்கும் ரெண்டே மாசம் நீங்க வந்து இருக்க ஏலுமா? ஒங்களுக்கு இதெல்லாம் கைவந்த வேலையாச்சே. மாமியாரப் பாக்குறீங்கள்ல."

லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். எங்கள் தொழிற்சாலையில் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி தொங்குகிறது. வீட்டில் முதியவர்களையோ நோயாளிகளையோ பராமரிக்கிறவர்களுக்கான லீவுப் படிவம் அதில் இருக்கிறது. சம்பளம் இல்லை, வேலை போகாது. பக்கத்து வரிசையில் பொதி செய்யும் போர்த்துக்கீசக் கிழவி அதை நிரப்பிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்த் தகப்பனை வழியனுப்பிவிட்டு வந்தாள். திரும்பி வந்தபோது கேக் வெட்டினோம்.

வசந்தியிடம் சொன்னேன். அவள் ஒரு கையில் சப்பாத்தோடு அப்படியே நின்றாள்.

"ஆருக்கெண்டு எழுதப் போறியள்?"

"அம்மாவுக்கு."

"அரசாங்கப் பேப்பரில செத்துப்போன மனுசிக்கோ? விசர்க் கதை கதைக்காதேங்கோ. ஒருக்கா கிண்டத் தொடங்கினா எல்லாத்தையும் கிண்டுவினம். பிள்ளையை யோசியுங்கோ." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ரெண்டு மாசம் என்ர அம்மாவை ஆர் பாக்கிறது? நான் வேலையை விடுறதோ?"

முதல் காரணம் சொல்லும்போது அவள் என்னைப் பார்த்தாள். இரண்டாவது காரணம் சொல்லும்போது தரையைப் பார்த்தாள். அவள் மீதும் கோபப்பட முடியவில்லை. அவளுக்கும் ஐம்பத்தேழு.

இரண்டு கிழமை இழுத்தடித்துவிட்டுக் கமலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொய்க்கு மேல் பொய் சொல்லத் தெம்பில்லை. ஏஜென்சிக்காரர் சொன்னது, விசாரணை, மாமி, வருசா வருசம் சித்திரையில் பிடிக்கும் விரதம், எல்லாவற்றையும் காருக்குள் இருந்து கொட்டித் தீர்த்தேன்.

அவள் பக்கத்தில் யாரோ தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப அங்க அம்மா செத்துட்டாங்களா?"

"பேப்பர்லதான் கமலா."

"வெரதமெல்லாம் பிடிக்கிறீங்களா?"

"ம்."

"சரிண்ணே. நான் எப்படியாவது பாத்துக்கிறேன். அம்மாகிட்ட இதச் சொல்லல." போனை வைக்கப் போனவள் மறுபடியும் கேட்டாள். "அம்மா பேரு சரியாச் சொல்றீங்களா அங்க?"

மாரியாயி என்றுதான் சொல்கிறேன் என்றேன்.

6

முதல் கிழமை அவள் அம்மாவைத் தன்னோடு மேல்மலைக்குக் கொண்டுபோனாள். பால் பீப்பாய் ஏற்றும் டிரக்டரில் பாதி வழி, மிச்சம் முதுகில். உரப்பையை விரித்து ஒரு மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு வெட்டப் போனாள். மழை வந்தது, அட்டை ஏறியது. மூன்றாம் நாள் கங்காணி வந்து, ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் தன் தலைதான் உருளும், இனிக் கூட்டிவராதே என்று சொல்லிவிட்டார். லயத்தில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பகலில் லயத்தில் இருப்பவர்கள் எல்லாம் அம்மாவைப் போன்றவர்கள்தான். ஒவ்வொரு காம்பராவிலும் ஒருவர், ஒவ்வொருவரும் யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டு.

அதனால் பிளாஸ்க்கில் தேத்தண்ணியும், ஒரு தட்டில் ரொட்டியும் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகத் தொடங்கினாள். "மத்தியானம்தான் வருவேன், ஒம்பது மணிக்கு வர மாட்டேன்" என்று தினமும் காலையில் அம்மாவின் காதுக்குள் சொல்லிவிட்டுத்தான் போவாளாம். அம்மா தலையாட்டுவாராம்.

தை மாதம் நடுவில் ஒரு நாள் அவள் இறங்கி வந்தபோது அம்மா வாசற்படியில் குப்புறக் கிடந்தார். பிளாஸ்க் திறக்கப்படவில்லை. கட்டிலில் இருந்து வாசல்வரை ஆறடி. நடக்க முடியாத மனுசி அந்த ஆறடியையும் தவழ்ந்து வந்திருக்கிறார். ஒன்பது மணிக்கு வருகிற பிள்ளையைக் காணோமே என்றுதான் வந்திருப்பார்.

கமலா எனக்கு எட்டுத் தடவை போன் எடுத்திருக்கிறாள். நான் வேலைக்கு ஓடும் அவசரத்தில் போனைப் பார்க்கவே இல்லை. ஒன்பது மணி இடைவேளையில்தான் பார்த்தேன். பேசி முடித்துவிட்டுத் திரும்ப வரிசைக்குப் போய் நின்றேன். பாண் வந்துகொண்டே இருந்தது, பைக்குள் போட்டுக்கொண்டே இருந்தேன். தாய் செத்தால் மூன்று நாள் லீவு உண்டு. அதையும் நான் கேட்கவில்லை. செத்தவர் மறுபடியும் சாக முடியாது.

வீட்டுக்கு வந்தேன். அன்று மாமிக்குக் கால் நகம் வெட்டும் நாள். வெந்நீரில் காலை ஊறவைத்துத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டேன். அம்மாவின் கால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அந்த ஒரு பயணத்திலும் நான் அம்மாவின் காலைத் தொட்டுப் பார்க்கவில்லை.

செல்வி பத்து நாள் கழித்து வந்து சேர்ந்தாள்.

7

பங்குனியில் மாமி விழுந்து இடுப்பில் அடிபட்டுக்கொண்டார். வசந்தி இரண்டு கிழமை லீவு எடுக்க வேண்டி வந்தது. அவளுடைய வேலைத்தலத்தின் படிவத்தை மீரா குசினி மேசையில் வைத்து நிரப்பினாள். தேத்தண்ணி ஆறுவதற்குள் முடித்துவிட்டாள். ஒரே பக்கம்.

"இவ்வளவுதானா?" என்று கேட்டேன்.

"ஓமப்பா. டொக்டரின்ர கடிதம் ஒண்டு இருந்தாப் போதும்."

"குடிவரவுப் பேப்பரெல்லாம் பாக்க மாட்டினமா?"

"ஏன் பாக்கோணும்? வேலை செய்யிற இடம்தானே." அவள் நிமிர்ந்து என்னை வேடிக்கையாகப் பார்த்தாள். "அப்பாவுக்கு எல்லாத்துக்கும் பயம்."

மறுநாள் சாப்பாட்டு அறையில் அந்தப் பிளாஸ்டிக் பெட்டியில் இருந்து எங்கள் படிவத்தையும் எடுத்துப் பார்த்தேன். அதுவும் ஒரே பக்கம்தான். நான் தினமும் உட்காரும் கதிரையில் இருந்து கைக்கெட்டும் தூரத்தில் அது தொங்குகிறது. கமலா கேட்ட அந்த இரண்டு மாதத்தில் ஒருநாள்கூட நான் அதைக் கையில் எடுத்ததில்லை. பயம் என்று சொல்லிக்கொண்டேன். பயம் பாதி. மறுபாதி வசதி. அம்மா செத்தவராக இருப்பது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. வசந்திக்கு, மாமிக்கு, என் பிள்ளைக்கு, வரிசையில் நின்று என்னைப் பாராட்டிய கிழவர்களுக்கு. எல்லாரையும்விட எனக்கு.

மீராவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் முதலில் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். அந்தப் படிவத்தை ஏன் நிரப்பவில்லை என்றுதான்.

போன கிழமை கோயிலில் இருந்து திரும்பி வந்து மாமிக்கு இரண்டு கரண்டி கஞ்சி ஊட்டினேன். "உம்மட தாய் குடுத்து வச்சவ, தம்பி" என்றார், எல்லா வருசமும் சொல்வது போலவே. "இப்பத்தைப் பிள்ளையள் ஆர் இப்பிடி மறக்காமல் பிடிக்குதுகள்?"

8

அதற்கு முந்திய நாள் காலை, வேலைக்குப் புறப்படுமுன் வழக்கம்போலக் காருக்குள் இருந்து கமலாவுக்குப் போன் எடுத்தேன். அங்கே பின்னேரம். அறுபது முடிய இன்னும் மூன்று மாதம் இருக்கிறது என்றாள். செல்வி அவிசாவளையில் ஒரு கடைக்கு வேலைக்குப் போகிறாளாம். மேல்மலை பழகிவிட்டதா என்று கேட்டேன்.

"பழகிருச்சு. இப்பத்தான் நடுவுல ஓட வேண்டியதில்லையே. வெட்டி முடிச்சிட்டு மரத்தடியிலேயே உக்காந்துருக்கேன். பால் சொட்டி முடிய எவ்வளவு நேரமாகுது தெரியுமாண்ணே? இத்தன வருசம் எனக்கு அது தெரியவே இல்ல."

அவளே தொடர்ந்தாள்.

"நாளைக்குப் பௌர்ணமியாம்ல. அம்மாவுக்கு வெரதம் பிடிக்கலாம்னு நெனச்சேன். நம்ம பக்கத்துல யாருக்கும் தெரியல. எப்படிப் பிடிக்கிறதுன்னு சொல்லுங்க. நீங்கதான் ரொம்ப வருசமாப் பிடிச்சவங்க."

அவள் குரலில் குத்தல் இருக்கிறதா என்று காதைக் கூர்மையாக்கிக் கேட்டேன். இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சொன்னேன். காலையில் எழுந்து குளிக்க வேண்டும், ஒன்றும் சாப்பிடக் கூடாது, அம்மா பேரைச் சொல்லி விளக்கு வைக்க வேண்டும், மத்தியானத்துக்கு மேல் கஞ்சி வைத்துப் படைத்துவிட்டுக் குடிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டாள்.

"தண்ணி குடிக்கலாமாண்ணே?"

"ஏன்?"

"போயா லீவுதான், ஆனா மழையில வேல கெட்ட நாளுக்காக நாளைக்கும் பால் வெட்டு இருக்கு. மேல்மலை ஏறணும்."

குடிக்கலாம் என்றேன்.